நிறுக்காத தண்ணீர்

உடற்றொழிலியலாளர் சங்கத்தின் கடிதம் மருதமுனைக்கு வந்தது ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நாலாம் நாள். கடிதம் என்றால் மின்னஞ்சல்தான். ஆனாலும் சுல்பிகாவின் கணவன் மசூர் அதைக் கல்முனைக்குக் கொண்டுபோய்த் தடித்த தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, முன்னறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடித்தான்.

"சிவக்கொழுந்து ஞாபகார்த்தப் பரிசுப் பேருரை" என்று அதில் இருந்தது. பேராசிரியர் சிவக்கொழுந்து சங்கத்தைத் தொடங்கியவர். அவர் பெயரால் வருடம் ஒருவருக்கு மட்டும் மேடை, கறுப்பு அங்கி, பதக்கம். முப்பத்தொரு வருடமாக நடக்கிற பேருரை. இந்தக் கரையிலிருந்து ஒருவரும் அந்த மேடையில் ஏறியதில்லை. கிழக்கிலே ஒரு மருத்துவ பீடத்தில் பதினாறு வருடம் உடற்றொழிலியல் படிப்பித்த சுல்பிகாவுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது.

பரிசுக்குக் காரணமான ஆராய்ச்சி சாய்ந்தமருதுக் கடற்கரையில் நடந்தது. சாலிஹ் ஹாஜியாரின் கரைவலைக் கொட்டிலான வாடியில் வலை இழுப்பவர்கள் இருபத்திரண்டு பேர். 2024 நோன்பு மாதத்தில் விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்ததும் ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். பதினொரு மணிக்கு வலை கரைக்கு வந்ததும் மறுபடி நிறுத்தார்கள். குறைந்த நிறை வேர்வையாய்ப் போனது என்பது கணக்கு. நோன்பு முடிந்து ஒரு மாதம் கழித்து அதே ஆட்களை அதே தராசில் ஏற்றினார்கள். அப்போது ஆளுக்கொரு போத்தல் கொடுத்து, அவர்கள் குடித்த தண்ணீரையும் நிறுத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். நோன்பில்லாத நாளில் ஆளொருவருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வேர்வை. நோன்பு நாளில் வெறும் எழுநூறு கிராம்.

அந்த எழுநூறைப் பார்த்த அன்று சுல்பிகா மறுபடி கூட்டிப் பார்த்தாள். தண்ணீர் வராது என்று அறிந்த உடம்பு தன் வேர்வைக் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது என்று எழுதினாள். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று பிரசுரித்தது. சாய்ந்தமருதிலே ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அது குத்பாப் பிரசங்கமாக வந்தது. நம் வலைக்கார மக்களின் ஈமானுக்கு அவர்களின் உடம்பே சாட்சி சொல்கிறது என்றார் மௌலவி. பெண்கள் பகுதியில் இருந்து அதைக் கேட்ட சுல்பிகா பெருமைப்படவில்லை என்று சொன்னால் பொய்.

பதக்கம் செப்டம்பர் இருபதாந் திகதி. மசூர் ஜூலையிலேயே வான் பேசிவிட்டான்.

ஓகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாணவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவின் ஜன்னலோரக் கட்டிலில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டாள். அதாவுல்லா. அவளுடைய ஏட்டில் பதினான்காம் இலக்கம். எண்பத்தொரு கிலோ என்று அவள் எழுதிய மனிதன், இப்போது ஐம்பத்தைந்து தேறாது. கையிலிருந்து போன சிவந்த குழாய் இயந்திரத்துக்குள் நுழைந்து திரும்பி வந்தது.

"அதாவுல்லா காக்கா, என்ன இது? எப்ப இருந்து?"

"போன நோன்பில விழுந்தன் மகள். பத்தொம்பதாம் நோன்பு. கிட்னி ரெண்டும் போயிட்டாம். இனிக் கிழமைக்கி ரெண்டு தரம் இஞ்சதான் குடித்தனம்." சிரித்தான். உதடு வெடித்திருந்தது. "இருங்க. ஒங்களிட்ட ஒண்டு சொல்லணும். நெஞ்சுக்குள்ள கிடந்து அரிக்கிது."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதினொரு மணிக்கு ஒங்கட தராசில நான் ஏறக்குள்ள வயித்துக்குள்ள ஒண்டரப் போத்தல் தண்ணி இரிந்திச்சி."

"எந்த நாள்?"

"எந்த நாள் இல்ல எண்டு கேளுங்க."

சுல்பிகாவுக்கு முதலில் விளங்கியது எண்தான். ஒன்றரைப் போத்தல் என்றால் ஒன்றரைக் கிலோ. ஒன்றரையையும் எழுநூறையும் கூட்டினால் இரண்டு கிலோவுக்கு மேல். நோன்பில்லாத நாளின் அதே கணக்கு. கதவும் இல்லை, சாத்தவும் இல்லை.

"மத்தவங்க?"

"மத்தவன்ட நோன்பு மத்தவனுக்கும் அல்லாவுக்கும். நான் என்ட வயித்தப் பத்தித்தான் கதைப்பன்." இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினான். "வாடிக்குப் பின்னால தாழம்பத்தை இரிக்கிதானே. ஒரு ஆள் அதுக்குள்ள போனா மத்த ஆக்கள் கடலப் பாப்பம். அவ்வளவுதான். ஒருத்தனும் ஒருத்தனைக் கேட்டதுமில்ல, சொன்னதுமில்ல."

"எங்களிட்டச் சொல்லியிரிக்கலாமே காக்கா. கடும் வேலைக்காரருக்கு மார்க்கத்துல இடம் இரிக்கிதானே. விட்ட நோன்ப மறுகா கழாப் பிடிக்கலாம்."

"மார்க்கத்துல இடம் இரிக்கி. ஊருலதான் இல்ல." அவன் குரல் இறங்கியது. "கேட்டது ஆரு? ஒங்கட மாப்பிள்ள. பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்காயர். இருவத்தொரு பேருக்கு முன்னால நிப்பாட்டி, 'அதாவுல்லா, நோன்பா?' எண்டு கேட்டா, இல்ல எண்டு எந்த வாயால சொல்ற?"

அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தது சுல்பிகாதான். ஆண்கள் மட்டும் நிற்கிற கடற்கரையில் பெண் ஒருத்தி ஒவ்வொருவரிடமும் போய் நோன்பா என்று கேட்பது அழகில்லை என்று மசூரைக் கேட்கச் சொன்னாள். சிறுநீர் வாங்கிச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வெட்கப்பட்டு ஒருவரும் தரவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை. நிறை போதும் என்று நினைத்தாள். சொந்தக் கரை ஆட்களை அவளுக்குத் தெரியாதா என்ன!

"அப்ப இந்த வருசம் எப்பிடி விழுந்தீங்க?"

"குத்பாவில நம்மட கதைய ஓதினாங்களே, அண்டைக்கி நான் ரெண்டாம் சஃப்பு வரிசையில இரிந்தன். ஆக்கள் கிறுகிக் கிறுகிப் பாத்தாங்க. பக்கத்துல இரிந்த கிழவன் என்ட கையப் புடிச்சிக் கொஞ்சினான். செத்திரலாம் போல இரிந்திச்சி. வாற நோன்பு ஒண்டும் விடுறதில்ல எண்டு நிய்யத்து வெச்சன். ஹாஜியாரும் இந்த வருசம் ரெண்டாந்தரம் வலை போட்டாரு. உச்சியில லுஹருக்குத் தொடங்கிப் பின்னேரம் அஸர் மட்டும். 'டொக்டர் நிறுத்துப் பாத்துத்தான் சொல்லியிரிக்கா, ஒங்கட உடம்பு தாங்கும்' எண்டாரு. பதினெட்டு நாள் தாங்கிச்சி."

தாதி வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

"என்ட பேரு வேணாம் மகள். வாடிட பேரும் வேணாம். சாய்ந்தமருதுல இருவத்திரண்டு பேரைத் தராசில ஏத்தின வாடி ஒண்டுதான். ஒங்களுக்கு மட்டும் தெரியட்டும்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் மசூரிடம் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றைக் கோப்பையிலேயே விட்டான்.

"ஒரு நோயாளிட கதைய வெச்சி ரெண்டு வருச வேலையக் கொட்டப் போறியா?"

"கணக்குச் சரியாப் பொருந்துதுங்க."

"பொருந்தினா? நீ அங்க போய், எங்கட ஆக்கள் நோன்பெண்டு சொல்லி ஒளிச்சித் தண்ணி குடிச்சாங்க எண்டு சொல்லப் போறியா? கொழும்பில, அவ்வளவு சனத்துக்கு முன்னால? மறுகா நான் பள்ளிவாசலுக்கு எந்த முகத்தோட போற?"

"நீங்க கேட்ட கேள்விதான் அவங்களப் பொய் சொல்ல வெச்சது."

"நீ எழுதித் தந்த கேள்வி புள்ள."

மசூர் எழுந்து கை கழுவப் போனான்.

காரைதீவிலே ஓய்வாய் இருக்கிற பேராசிரியர் கனகரெத்தினம் அவளுக்குப் படிப்பித்தவர். அவள் பெயரைச் சங்கத்துக்கு எழுதியதும் அவரே. ஞாயிறு காலை போய் எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னாள், அதாவுல்லாவின் பெயரை மட்டும் விட்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"விலகினா காரணம் எழுதணும் பிள்ள. எழுதினா, ஆர் சொன்னது எண்டு சபை கேக்கும். ஆளக் காட்டு எண்டு கேக்கும்."

"காட்ட ஏலா சேர்."

"காட்டாட்டி, கணக்கைக் கட்டிவிட்டுப்போட்டு இப்ப பயத்துல ஓடுறாள் எண்டு எழுதுவாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. பேருரையில கேள்வி இல்ல, தெரியுமா? இருவத்தாறு பேருரை நான் இருந்து கேட்டிருக்கன். ஒரு கை எழும்பினதில்ல. சாதாரண அமர்வில உன்னக் கொத்தித் தின்னுவாங்க. பேருரை எண்டா, வாசிப்பாய், கை தட்டுவாங்க, தேத்தண்ணிக்குப் போவாங்க. சங்கத்துட வழக்கம் அது. உண்மைய அதுக்குள்ள வெச்சுச் சொல்லிப்போடு. ஆர், எவடம் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

"அப்ப சொல்லியும் என்ன பிரயோசனம் சேர்?"

"சொன்னனீ எண்டு இருக்கும்" என்றார் அவர்.

செப்டம்பர் இருபது. மண்டபத்தில் முந்நூறு பேர். மேளத்தோடு ஊர்வலமாய் மேடைக்கு அழைத்துப் போனார்கள். குத்துவிளக்கேற்றினார்கள். சங்கத் தலைவர் அவளுடைய வாழ்க்கைக் குறிப்பைப் பதினைந்து நிமிடம் வாசித்தார். தலையில் போட்ட முக்காட்டுக்கு மேலே கறுப்பு அங்கி கனத்தது. நாற்பத்திரண்டு படங்கள் கொண்டுபோயிருந்தாள். இருபத்தொன்பதாவது படத்தில், அந்த எழுநூறு கிராம் திரையில் நிற்கும்போது நிறுத்தினாள். வீட்டில் பாடமாக்கிய மூன்று ஆங்கில வசனங்களைச் சொன்னாள். நோன்பு நாட்களில் குடிக்கப்பட்ட தண்ணீரை நான் நிறுக்கவில்லை. தண்ணீர் குடிக்கப்படவில்லை என்று நான் வைத்துக்கொண்டது பிழை. ஆகையால் இந்த ஆய்வின் முடிவு நிற்காது.

மூன்றாம் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அவள் மீதிப் படங்களையும் காட்டி முடித்தாள். கைதட்டல் நீண்டது. தலைவர் பதக்கத்தை அணிவித்து, காதருகே குனிந்து, மிகவும் அடக்கமான பேச்சு என்று பாராட்டினார். அவள் விட்டெறிந்த முடிவோ மூன்று கிழமைக்கு முன்னமே அச்சாகி, எல்லோருடைய பையிலும் விழா மலராய் இருந்தது. தேத்தண்ணீரும் பற்றீசும் நன்றாக இருந்தன. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆங்கிலம் விளங்காத சொந்தக்காரர்கள் பதக்கம் விழுந்த நிமிடத்தைப் படம் பிடித்தார்கள். வான் ஊர் வந்து சேர முன்னமே அந்தப் படம் வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை சாலிஹ் ஹாஜியார் ஆளனுப்பினார். வாடியில் வைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். போகாமல் விட்டால் அதற்கும் ஒரு கதை வரும் என்று மசூர் கூட்டிப்போனான். வலை பாதி வந்திருந்தது. ஹாஜியார் கையைக் காட்ட, வலைக்காரர்கள் கயிற்றை முளையில் சுற்றிவிட்டு வந்து கூடினார்கள். இருபத்தொரு பேர். முதலில் நின்றவர் முபாறக், எல்லோருக்கும் மூத்தவர், பெருவிரலால் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"நம்மட வேர்வையில வந்த பதக்கம் இது" என்று தொடங்கினார் ஹாஜியார். பொன்னாடை அவர் கையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. "கொழும்புக்காரன் நம்மட நோன்பப் பாத்து வாயப் பொளந்திட்டான். இன்ஷா அல்லாஹ் வாற நோன்பிலயும் ரெண்டாந்தரம் வலை போடுறம். தாங்குற உடம்பு எண்டு டொக்டர் எழுதித் தந்திரிக்கா."

"ஹாஜியார்" என்றாள் சுல்பிகா. "ரெண்டாந்தரம் வேணாம். என்ட கணக்குப் பிழை."

அவர் சிரித்தார். "புள்ளக்கி அடக்கத்தப் பாருங்க. பிழையான கணக்குக்கு எந்த மடையன் பதக்கம் குடுப்பான்?"

"மெய்யாத்தான் சொல்றன். அங்க மேடையிலயும் சொன்னன். குடிச்ச தண்ணிய நான் நிறுக்கல்ல."

"எந்தத் தண்ணி?" சிரிப்பு நின்றது. "நோன்பில எந்தத் தண்ணி?"

முந்நூறு பேர் கேட்காத கேள்வி. படித்த சபை வழக்கம் என்று விட்டதை, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட மனிதர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். மணலைக் கிண்டிய பெருவிரல் நின்றது. பின்வரிசையில் ஒருவன் தாழம்பத்தையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்தான். உண்மையைச் சொன்னால் இருபத்தொரு வீடு தலைகுனியும். சொல்லாமல் விட்டால் அடுத்த நோன்பு, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில். சுல்பிகா அப்போது கணக்குப் பார்க்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"நான் குடுத்த தண்ணி."

"என்ன?"

"நான்தான் குடிக்கச் சொன்னன். ஆராய்ச்சிக்கு வேணும் எண்டன். இவங்க மாட்டம் எண்டுதான் நிண்டாங்க. டொக்டர் சொன்னாக் குத்தமில்ல எண்டு ஏமாத்தினதும் நான்தான். வெளிய சொல்ல வேணாம் எண்டதும் நான்தான். மறுகா அந்தத் தண்ணியக் கணக்கில காட்டாம எழுதினன்."

"புள்ள!" என்றான் மசூர். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹாஜியாரின் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. பாரம் இறங்கியவனின் முகம் அது. "அப்ப," என்றார் மெதுவாக, "அதாவுல்லா விழுந்தது ஆர்ட பிழை?"

"என்ட."

"கேட்டயளா எல்லாரும்? கேட்டயளா? ஆறு மாசமா நான் நித்திர கொள்ளல்லடா. நான்தான் அவனக் கொன்டுபோட்டன் எண்டு நினைச்சி நினைச்சி..." குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் கோபம் ஏறியது. "ஒன்ட பேருக்கும் புகழுக்கும் எங்கட ஆக்கள்ட நோன்ப முறிச்சியா? நீயும் ஒரு முஸ்லிம் பொம்புளயா?" பொன்னாடையைக் கக்கத்தில் சுருட்டினார். "ரெண்டாந்தரம் வலையும் இல்ல, ஒன்ட தராசும் இனி இந்தக் கரையில இல்ல. போ."

இருபத்தொரு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முபாறக் மட்டும் ஒரு அடி முன்னால் வைத்தார். பிறகு, "வலை இழுவுது, வாங்கடா" என்று சொல்லிக்கொண்டு கயிற்றுக்குத் திரும்பினார்.

ஒரு கிழமைக்குள் மருதமுனையிலிருந்து நிந்தவூர் மட்டும் கதை போய்விட்டது. நோன்பை முறித்துப் பதக்கம் வாங்கியவள். கடைத்தெருவில் தெரிந்த பெண்கள் அவளைக் கண்டால் மறுபக்கம் கடந்தார்கள். அதாவுல்லாவின் மனைவி ஆகிலா மட்டும் ஒரு நாள் பின்வாசலால் வந்தாள்.

"மனிசன் சாப்பிடுறாரில்ல டொக்டர். 'என்ட பாவத்த அவ சுமந்தா நான் அத எங்க போய் இறக்கிற' எண்டு அழுறாரு. பள்ளிவாசலுக்குப் போய் எல்லாரிட்டயும் சொல்லப் போறன் எண்டு நிக்கிறாரு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க வேணாம் எண்டு சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு. எங்கட மகளுக்குச் சம்பந்தம் பேசியிரிக்கி."

"சொல்றன்" என்றாள் சுல்பிகா. அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லவும் செய்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதுதான் அவள் அவனைக் கடைசியாகக் கண்டது. நவம்பரில் மௌத்தாகிவிட்டான்.

சங்கத்தின் இரண்டாவது கடிதம் டிசம்பர் முதற்கிழமை வந்தது. இதை மசூர் அச்சடிக்கவில்லை. சாய்ந்தமருதிலிருந்து கிடைத்த முறைப்பாட்டின்பேரில் ஐந்து கேள்விகள் இருந்தன. ஆய்வுக்கு உட்பட்டோருக்கு நீர் வழங்கினீரா? அதை மறைத்தீரா? மறைத்தது அறிந்தேயா? ஒவ்வொன்றுக்கும் கீழே பதிலுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அவள் மேசையில் இருந்து எழுதினாள். மசூர் பின்னால் வந்து தோளுக்கு மேலாக வாசித்தான்.

"எல்லாத்துக்கும் ஓம் எண்டு எழுதியிரிக்காய்."

"இல்ல எண்டு எழுதினா, அப்ப ஆர் குடிச்சது எண்டு ஆறாவது கேள்வி வரும்."

"வேலை போகும் புள்ள."

"ஓம்."

அவன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தான். "கேட்டது நான். அதையும் ஒரு வரி எழுதன்" என்றான்.

"அதுக்கு இதுல கேள்வி இல்ல" என்றாள் அவள். கையெழுத்து வைத்து, திகதி போட்டு, தாளை மூன்றாய் மடித்தாள்.